நடுவில் வராதவர்கள்

முதுகலை மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் நற்றிணையின் 110ஆம் பாட்டை நடத்துகிறேன். போதனார் பாடியது, பாலைத் திணை. மணமாகிப் போன மகளைப் பற்றித் தாய் பேசுகிறாள். தேன் கலந்த பால் ஒரு கையில், பொற்கலத்தில். மறு கையில் மிரட்டுவதற்கு ஒரு சிறுகோல். குடி என்று வற்புறுத்த, சிலம்பு ஒலிக்கச் சிறுமி ஓடுகிறாள். நரைத்த தலையோடு செவிலியர் பின்னால் ஓடிக் களைத்துப்போகிறார்கள். அவள் பந்தலுக்குள் புகுந்துகொண்டு மாட்டேன் என்கிறாள். அப்படி விளையாட்டுப் பிள்ளையாக இருந்தவள், இன்று கணவன் வீடு வறுமைப்பட்டதும் தந்தை வீட்டுச் சோற்றை நினைத்துப் பார்க்காமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாளாம். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாளோ என்று தாய் வியக்கிறாள்.

இந்தப் பாட்டை நடத்தும்போது வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். பால், சிலம்பு, ஓடும் குழந்தை என்று அழகான காட்சி. நானும் பல ஆண்டுகள் அதன் அழகைச் சொல்லி, செவிலியின் களைப்பைச் சொல்லி, மகளின் குடிப்பெருமையைச் சொல்லி முடித்துவிடுவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, “மேடம், பால் வேணாம்னு ஓடின பொண்ணு கடைசியில பட்டினி கிடக்குது. அதைப் போய் ஒழுக்கம்னு சொல்றாங்களே, அந்தப் பொண்ணு என்ன நினைச்சிச்சுன்னு யாரும் கேக்கலையா?” என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் பயிற்சி ஒன்று கொடுத்துத் தப்பித்தேன்: அதே காட்சியைச் சிறுமி சொல்வதாக ஒரு பக்கம் எழுதி வாருங்கள்.

மறுநாள் வந்த நோட்டுகளில் சங்ககாலம் இல்லை. பொற்கலம் எவர்சில்வர் டம்ளராகிவிட்டது. சிறுகோல் கரண்டியாக, செருப்பாக, சார்ஜர் வயராக மாறியிருந்தது. எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பார்க்காதது வேறொன்று. அடி எப்படி வலித்தது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் எழுதியிருந்தது அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதை. அப்பா திண்ணையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டி ‘போதும் விடு’ என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன், அவள் காபி கேட்டாள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: அம்மா அடித்ததை மறந்துவிட்டேன், அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டியதை மறக்கவில்லை.

பெற்றோரின் கண்டிப்பை நம் இலக்கியம் எப்படிச் சொல்லியிருக்கிறது என்று அந்த நோட்டுகளுக்குப் பிறகுதான் திரும்பப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் படுவது, சொல்பவர் யார் என்பது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் பேசுவது தாயின் குரலை எடுத்துக்கொண்ட புலவர். குழந்தை தாலாட்டப்படும், சப்பாணி கொட்டும், முத்தம் தரும். தன் வாயால் ஒன்றும் சொல்லாது. பழமொழிகளோ முழுக்க முழுக்க அடிப்பவரின் சொத்து. அடியாத மாடு படியாது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும். அடிக்கிற கைதான் அணைக்கும். (எங்கள் பக்கம் முந்திரி மரம்தான் பயிர். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் ஒடித்துப் போட்டபோது, ஒடிந்தது நன்றாக வளரும் என்று யாரும் பழமொழி சொல்லவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.)

பிள்ளை வாய்திறந்து பதில் சொன்ன புகழ்பெற்ற காட்சி ஒன்று எங்கள் வட்டாரத்துக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. மூன்று வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் விட்டுவிட்டு சிவபாத இருதயர் நீராடப் போகிறார். அழுத பிள்ளைக்கு அம்மை பொற்கிண்ணத்தில் பால் தருகிறாள். திரும்பி வந்த தந்தை கடைவாயில் பாலைப் பார்த்துவிட்டு, யார் கொடுத்த எச்சிலைக் குடித்தாய், காட்டு என்று சிறிய மாறு ஒன்றை ஓங்குகிறார். சேக்கிழார் சொல்லும் இந்த இடத்தில் பிள்ளை அழவில்லை, ஓடவில்லை. கையை உயர்த்திக் காட்டிப் பாடுகிறது.

இரண்டு காட்சிகளிலும் அதே பால், அதே பொற்கலம், அதே கோல். பெண் பிள்ளைக்குக் குடிக்கவில்லை என்று கோல். ஆண் பிள்ளைக்குக் குடித்துவிட்டது என்று கோல். ஆண் பிள்ளைக்கு நடுவில் ஓர் ஆள் இருந்தாள். அவளைச் சுட்டிக்காட்ட முடிந்ததால்தான் அது பேசியது. பேசியதால் ஞானசம்பந்தன் ஆனது. பெண் பிள்ளைக்கு நரைத்த செவிலியர் பலர் இருந்தார்கள். எல்லோரும் கோலின் பக்கம் நின்றார்கள். அவள் ஓடிய பந்தலும் அதே வீட்டுப் பந்தல். பிறகு அவள் நல்ல மனைவியானாள். பக்திக் கதையையும் அகப்பாட்டையும் பக்கத்தில் வைப்பது முறையா என்று என் துறை நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் ஒரே மாணவிதானே படிக்கிறாள்.

இந்த ‘நடுவில் ஓர் ஆளை’த் தெளிவாகச் சொன்னவர் வள்ளலார். 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். காடாம்புலியூரிலிருந்து வடலூர் பேருந்தில் ஏறினால் அதிக தூரமில்லை, தைப்பூசத்துக்கு எங்கள் தெருவே அங்கே போகும். ஆறாம் திருமுறையில் ‘பிள்ளைச் சிறு விண்ணப்பம்’ என்றொரு பகுதி. அதில் அவர் கேட்பது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வீட்டுக் கணக்கு. தகப்பன் கைநீட்டினால் தாய் வந்து சேர்த்துக்கொள்வாள், தாய் கைநீட்டினால் தகப்பன் வந்து தூக்கிக்கொள்வான். எனக்கோ இருவரும் நீயாகவே இருக்கிறாய், அப்புறம் நான் யாரிடம் போவது, அடித்தவரை போதும், அணைத்துக்கொள், இதற்குமேல் தாங்கமாட்டேன் என்று அம்பலத்தானிடம் முறையிடுகிறார்.

இதைப் பக்தி உருக்கமாக மட்டுமே மேடைகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு இது ஒரு குழந்தை வீட்டைப் பார்க்கும் பார்வையின் துல்லியமான பதிவாகத் தோன்றுகிறது. எழுதியவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இராமையாவை இழந்தவர்; அண்ணன் சபாபதியின் கண்டிப்பில் சென்னையில் வளர்ந்தவர். படிக்கவில்லை என்று அண்ணன் வீட்டில் சோறு போடக்கூடாது என்றதும், அண்ணி மறைவாகக் கூப்பிட்டுச் சோறு போட்டதும் அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. நடுவில் வந்த கை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பழமொழி, அடித்த கையே அணைக்கும் என்று பெருமைப்படுகிறது. விண்ணப்பத்தில் பேசும் பிள்ளைக்கு அதுதான் பயம். அடிக்கவும் அணைக்கவும் ஒரே கை என்றால் ஓடுவதற்கு இடமில்லை.

ஆனால் வள்ளலாரின் வரியில் இருப்பது மகன். மகள் என்று மாற்றிப் படித்தால் கணக்கு நேராக வரவில்லை.

நற்றிணையின் 149ஆம் பாட்டுக்குப் போவோம். உலோச்சனார் பாடியது, நெய்தல். தெருவில் பெண்கள் சிலரும் பலருமாகக் கூடி, கடைக்கண்ணால் பார்த்து, மூக்கில் விரல் வைத்து, காதில் காதில் பேசுகிறார்கள். அதைக் கேட்ட தாய் சிறுகோலைச் சுழற்றி அடிக்கிறாள். ‘அலைத்தல்’ என்பது இந்தப் பாடல்களில் தாய் மகளை அடிப்பதற்கான சொல். அலைக்கழித்தலில் இன்றும் மிச்சமிருக்கிறது. இங்கே பேசுவது தாய் அல்ல. பேச்சு அடிபட்டவளின் பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே வியப்போ பெருமையோ இல்லை. ஊர் வாய், தாயின் கோல் என்று காரணமும் காரியமும் வரிசையாக நிற்கின்றன. முடிவு? நள்ளிரவில் அவன் தேரோடு வந்தால் அவனோடு போய்விடு, இந்த ஊர் தன் பேச்சை வைத்துக்கொண்டு கிடக்கட்டும். பால் குடிக்க மறுத்த சிறுமிக்குப் பந்தல்வரை ஓட முடிந்தது. வளர்ந்த பெண்ணுக்கு ஊரைவிட்டே போக வேண்டியிருக்கிறது. இற்செறிப்பு என்று நாம் இலக்கணத்தில் அமைதியாகச் சொல்லிக்கொடுக்கும் துறைக்குள் இந்தக் கோல் இருக்கிறது.

தாயின் கையில் இருந்த கோல் தெருவினுடையது. மகனை அடிப்பது வீட்டுக்குள் முடிகிற காரியம், ஆகவே நடுவில் யாராவது வரலாம். மகளை ஊருக்காக அடிக்கும்போது நடுவில் வருகிறவர் ஊரை எதிர்த்து வர வேண்டும்.

என் கதையும் இதுதான். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நூலகத்தில் படித்துக்கொண்டே இருந்துவிட்டு இருட்டிய பிறகு வந்தேன். நான் வருவதற்கு முன்பே குழாயடியிலிருந்து செய்தி வந்துவிட்டது; அதில் நூலகம் இல்லை, ஒரு பையன் இருந்தான். அப்படி ஒரு பையன் கிடையாது. முந்திரிக் கிளை இரண்டு அடியில் ஒடிந்துவிடும் என்பதால் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் புளிய விளாறுதான். அம்மா என்னை வாசலில் நிற்கவைத்து அடித்தாள். உள்ளே வைத்து அடிக்கவில்லை. தெரு பார்க்க வேண்டும், நாம் பெண்ணை அடக்கிவிட்டோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரேடியோ. என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த நல்ல மனிதர்.

கடலூரில் பிறந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த சர்ச்சை தமிழ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிச் சீரழிந்து வரும் கல்லூரிப் பெண்ணை, தாய் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். கற்பா, புரட்சியா என்று ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். அந்தத் தண்ணீருக்கு முன்னால் அவள் அம்மாவிடம் வாங்கிய அடியைப் பற்றி, நான் படித்த எந்த விவாதத்திலும் ஒரு வரி இல்லை. எதற்கடி குழந்தையை அடிக்கிறாய் என்று குடித்தனக்காரர்கள் கேட்கிறார்கள். மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று தாய் பொய் சொல்கிறாள். அந்த ஒரு கேள்வி வந்திராவிட்டால் கதை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டின் குரல் குறுக்கே வந்த பிறகுதான் தாயின் கை நின்று, மூளை வேலைசெய்கிறது. ஊர் வாய்க்காக எழுந்த கை, ஊர் வாயிடமிருந்து மகளை மறைக்கும் கையாக அங்கே திரும்புகிறது. அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயர்கூட இல்லை.

பெயர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கிடைக்கிறது: கங்கா. இங்கே தாய் மறைக்கவில்லை, அலறிவிடுகிறாள். அண்ணன் அடித்து வெளியே தள்ளுகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைக்கும் வெங்கு மாமாவிடமிருந்து அவள் தன்னைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மகளுக்கு நடுவில் நீளும் கை எப்படிப்பட்டதாக இருக்கலாம் என்பதை ஜெயகாந்தன் தயங்காமல் எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது, நாவலின் பெரும்பகுதியில் கங்காவே பேசுகிறாள். பத்திரிகையில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை அவள் படிக்கிறாள். அம்மாவிடமும் படிக்கக் கொடுக்கிறாள். ஓர் அம்மா இப்படியும் செய்திருக்க முடியும், நீ ஏன் செய்யவில்லை என்று பெற்ற தாயிடம் கதையையே குற்றப்பத்திரிகையாக நீட்டுவது தமிழ் நாவலில் எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. அடித்த அண்ணனிடம் அவள் கணக்குத் தீர்க்கப் போகவில்லை. கணக்கு அம்மாவிடம்தான். 2019இல் முதன்முறை அந்த இடத்தை வகுப்பில் வாசித்தபோது எனக்குக் குரல் கம்மியது. மாணவிகளிடம் தொண்டை சரியில்லை என்றேன்.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் கோலே கிடையாது. வயதுக்கு வந்த சிறுமி, ஊருக்குப் போயிருக்கும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். சுற்றியிருப்பவர்கள் சொல்வது எதுவும் அவளுக்கு வேண்டாம். அம்மா வந்து சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். நிறத்தைக் காரணம் காட்டி மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்ட உறவுப்பெண்ணின் துயரத்தைச் சுமந்துகொண்டு வரும் அம்மா, இதற்குள் உனக்கென்ன அவசரம் என்பது போல ஒரே ஒரு பேச்சுப் பேசுகிறாள். அடிப்பவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் வர வேண்டியவளாகச் சிறுமி நம்பியிருந்தது அம்மாவைத்தான். கதைசொல்லி ‘கொலை’ என்று சொன்னதை மிகை என்பவர்கள் உண்டு. வள்ளலாரின் பிள்ளை பயந்த அதே இடத்தில் இவள் நிற்கிறாள் என்று வைத்துப் படித்தால் சொல் அளவாகத்தான் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடைசெய்தது. வீட்டுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் நன்மைக்கென்று பெற்றோர் நல்லெண்ணத்தோடு செய்வதைச் சில விலக்குகளோடு குற்றமாகக் கொள்ளாத பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் வேறு எண்ணோடு இருக்கிறது. ஸ்வீடன் 1979இலேயே வீட்டுக்குள்ளும் தடை கொண்டுவந்தது. தெற்காசியாவில் நேபாளம் 2018இல். நம் மத்திய அமைச்சகம் 13 மாநிலங்களில் குழந்தைகளிடமே கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அப்படித் துன்புற்றவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அடி பெற்றோரிடமிருந்து. யார் அடித்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தக் கணக்கெடுப்பில் கட்டம் போடுவது?

இவ்வளவும் எழுதிவிட்டு என் கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. மகளுக்கு ஒன்பது வயதானபோது நான் அவளை அடித்தேன். காரணம் அற்பம்: விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மேசையில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். தோளில் இரண்டு அடி. வன்முறையும் உடலும் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்கிற கைதான் அது. அன்றிரவு மன்னிப்புக் கேட்கப் போனேன். எதற்கு அடித்தாய் என்று கேட்பாள், பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது: “ஆயா அங்கதானே உக்காந்திருந்தாங்க. ஏன் எழுந்து வரல?”

ஆயா என்றால் என் அம்மா. இப்போது எங்களோடு இருக்கிறாள். அந்த நேரத்தில் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை அம்மாவிடம் மகள் கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பெத்தவ அடிக்கறப்ப நடுவுல பூந்தா புள்ள கெட்டுடும்னு சொல்லுவாங்க” என்றாள். யார் சொல்லுவார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

“அன்னிக்கி வாசல்ல வச்சி உன்ன அடிச்சனே,” என்றாள். அவள் அதைப் பற்றி வாய்திறந்தது அதுதான் முதல்முறை. “போதும் வுடுன்னு உங்கப்பா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டிருப்பன். அவரையே பாத்துக்கினுதான் அடிச்சன். எழுந்து வருவாரு வருவாருன்னு. கையி நோவுது, நிறுத்த முடியல. தெருவே நிக்கிது.”

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது.

“மடியில ரேடியோ வெச்சிருந்தாரு” என்றேன்.

“ஆமா, ரேடியோ. பாட்டு ஓடுச்சி” என்றாள் அம்மா.

என்ன பாட்டு என்று இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.